அளவுக்கல்லிலிருந்து இரண்டு மீட்டர்

ஏரிப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'இன்னொருதரம்'. வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொருதரம் இழுத்துப் பார்ப்பாள். கையெழுத்துப் போடுமுன் கோப்பை இன்னொருதரம் படிப்பாள். "மேடம் கையெழுத்து போடுறதுக்குள்ள ஏரியே வத்திடும்" என்பார் வரைபடக்காரர். பத்தொன்பது வருஷத்தில் அவள் அனுமதித்த வேலையால் ஒரு கரையும் சரிந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் வீட்டுப் பின்பக்கம் ஏரி ஒரு சின்னக் காயலாக உள்ளே நுழைந்து கிடந்தது. சேறு மண்டிப் படகு விட முடியவில்லை என்று தூர்வார அனுமதி கேட்டிருந்தார். போன வாரம்தான் அவள் கொடுத்திருந்தாள். ஆழம் இரண்டு மீட்டர்.

"மேடம், காலையிலேயே பொக்லைன் வந்தாச்சு. தண்ணி மட்டத்துலேருந்து ஒன்னேகால் மீட்டர் எடுத்துட்டோம். ரெண்டுக்கு பதிலா ரெண்டரையா எடுத்துக்கலாமா?"

"எங்கேருந்துன்னு சொன்னீங்க?"

"தண்ணியிலேருந்துதான். வேற எங்கேருந்து அளக்கிறது?"

அவர்கள் அலுவலகத்தில் எந்த ஆழமும் கரையில் நட்ட அளவுக்கல்லின் தலையிலிருந்துதான் கணக்கு. எல்லோருக்கும் தெரியும் என்று யாரும் அதை எழுதுவதில்லை. அவளும் எழுதவில்லை. வெளியாளுக்கு எப்படித் தெரியும்? இப்போது தண்ணீர் கல்லின் தலைக்கு ஒன்றரை மீட்டர் கீழே. அங்கிருந்து இரண்டு தோண்டினால் கல்லிலிருந்து மூன்றரை. பக்கத்து வீட்டைத் தாங்கும் கரைச்சுவர் மூன்றிலேயே முடிந்துவிடும்.

"நிறுத்துங்க! பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியில மண்ணே இருக்காது!"

"கையெழுத்து போட்டதே நீங்கதானே?"

"நான்தான். தப்பும் என்னுதுதான். நிறுத்துங்க சார்!"

இரைச்சலில் அவருக்கு என்ன கேட்டதோ, "ஹலோ, ஹலோ" என்றார். தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வரைபடக்காரர் வண்டியை எடுத்தார். "சுவரு அவ்வளவு சீக்கிரம் விழாது, பயப்படாதீங்க."

"அந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு. அனுமதிக்கு முன்னாடி போய்ப் பார்த்தப்ப கொடியில குழந்தைத் துணி காஞ்சுது."

அவர் வேகத்தைக் கூட்டினார்.

காயலோரம் பொக்லைனின் இரும்புக்கை சேற்றிலிருந்து எழும்பும்போது அவள் குறுக்கே போய் நின்றாள். "உயிர் மேல ஆசையில்லையாக்கா?" என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். அளவுகோலை இறக்கினாள். தண்ணீரிலிருந்து ஒன்று எழுபது, கல்லிலிருந்து மூன்று இருபது. சுவரின் அடியைத் தாண்டி ஒரு சாண்.

"எடுத்ததையெல்லாம் சுவரோரம் திரும்பக் கொட்டுங்க. மெதுவா" என்றாள். வீட்டுக்காரர் ஓட்டுநருக்குக் கைகாட்டினார்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள்.

"பாப்பாவத் தூக்கிட்டு உடனே தெருவுக்குப் போங்கம்மா."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்..."

"நான் பார்த்துக்கறேன். போங்க!"

சமையலறைக்குள் போனாள். அடுப்பை அணைத்து நிமிர்ந்தபோது, ஏரிப்பக்கச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை மயிரிழையாக ஒரு கோடு. வாசலுக்கு ஓடினாள்.

"சமையலறை ஜன்னலுக்குக் கீழே விரிசல் முன்னாடியே இருந்துச்சா?"

குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "எந்த விரிசல்?"