நாகபூரில் ஒரு அறை

பஸ்ஸில் கண்டக்டரிடம் "ஆள் இறங்கணும்" என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். கேரள எல்லையோரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிடுவேன். யாரும் இறங்காவிட்டால் கடைசி நிறுத்தமான வெள்ளறடை வரை போய்த் திரும்பி நடப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு ரப்பர் வெட்டு. மரம் கேள்வி கேட்காது. பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

அப்படிப்பட்டவன் நாகபூர் போக வேண்டி வந்தது. மகள் அங்கே நர்சிங் படித்து முடித்திருந்தாள். பட்டம் கொடுக்கும் நாளில் நானும் என் மனைவியும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். நாலு வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அவள் கல்லூரியைப் பார்த்ததில்லை.

ஏற்பாடெல்லாம் என் மனைவியின் தம்பி செய்தான். கல்ஃபில் இருந்தவன், இந்தி தெரியும் என்பான். கூடவே வருவதாகவும் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் போய் இறங்குவது, தூங்குவது, காலையில் குளித்து உடுத்துக்கொண்டு விழாவுக்குப் போவது. புறப்படும் நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"அத்தான், ஒண்ணும் பேடிக்காதீங்க. ரூம் சொல்லியாச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்ன போயிரணும், அவ்வளவுதான். வண்டி டயத்துக்குப் போவும்."

வண்டி ஆந்திரா வரைக்கும் டயத்துக்குத்தான் போனது. பிறகு மழை. முன்னால் எங்கோ பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். பெயர் படிக்க முடியாத ஒரு சிறிய ஸ்டேஷனில் போய் நின்றது, அசையவே இல்லை. மத்தியானம் ஆனபோது, நாளைக் காலைக்கு முன் நாகபூர் இல்லை என்று தெரிந்தது.

மைத்துனனைக் கூப்பிட்டேன். ஹோட்டலில் பேசுகிறேன் என்று வைத்தவன் சற்று நேரத்தில் திரும்ப அழைத்தான்.

"அத்தான், எனக்க இந்தி அவனுக்கு மனசிலாகேல்ல. போனை வச்சிட்டான். ரூம் போச்சுன்னு நினைச்சுக்கிடுங்க. ஸ்டேஷன்லயே மொகத்தைக் கழுவிட்டுப் போங்க."

மனைவி தன் சேலையைப் பார்த்தாள். ஜன்னல் தூசியும் குழம்புக் கறையும். "இந்தக் கோலத்திலயா பிள்ளைக்க முன்ன போய் நிக்கதுக்கு? நான் ஸ்டேஷன்லயே இருக்கேன். நீங்க மட்டும் போங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. மகளுக்கு அன்று விழா ஒத்திகை; கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. ஆறு மணிக்குப் பிறகு அறை வேறு ஆளுக்கு.

எதிர் இருக்கையில் ஒரு இந்திக்காரக் குடும்பம். ஒரு பகலும் ஒரு இரவும் எதிரெதிரே இருந்தும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மனைவிதான் முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்து நீட்டியிருந்தாள். அந்த வீட்டு அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் மலையாளத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. பாறசாலைச் சந்தையில் காதில் விழுந்ததை வாயில் போட்டுக்கொண்டவன். இதுவும் அப்படித்தானே என்று தோன்றியது. போனைக் கையில் எடுத்து, அந்த அம்மாவைப் பார்த்து, "ட்ரெயின் லேட்... ஹோட்டல்... ரூம்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. காது சுட்டது.

அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். நான் திரும்பச் சொன்னேன். அவர் கணவர் திருத்தினார். பக்கவாட்டில் படுத்திருந்தவர் எழுந்து அவரையே திருத்தினார். டீ விற்கிறவன் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தான். மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதபாடம் ஒப்பிக்கப் போகிற பையன் மாதிரி உதடு அசைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களே பேசித் தருகிறோம் என்று கை நீட்டினார்கள். ஏனோ போனை நான் கொடுக்கவில்லை; மைத்துனன் தந்திருந்த ஹோட்டல் நம்பரை நானே அழுத்தினேன்.

"ட்ரெயின் லேட். சுபஹ் ஆயேங்கே. ரூம் கிசீ கோ மத் தேனா." காலையில் வருவோம், அறையை யாருக்கும் கொடுக்காதே.

அந்தப் பக்கம் ஒருவன் கடகடவென்று ஏதோ பேசினான். ஒன்றும் புரியவில்லை. அவன் முடித்ததும் மறுபடியும் அதையே சொன்னேன், இன்னும் சத்தமாக. அவன் இன்னும் வேகமாகப் பேசினான். மூன்றாம் முறை சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். "டீக் ஹை, அங்கிள்ஜி, டீக் ஹை."

அது எனக்குத் தெரியும். சரி என்று அர்த்தம். பெட்டியே கை தட்டியது.

காலையில் நாகபூர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மறுபடி நின்றது. விழா பத்து மணிக்கு. இந்த முறை அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கொண்டு நானே போன் செய்தேன். "கரம் பானி." வெந்நீர்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "ரூமும் போராம வெந்நீரும் வேணுமாக்கும்! இன்னொரு நாள் வண்டி நின்னா அந்த ஹோட்டலையே விலைக்குக் கேப்பீங்க."

போய்ச் சேர்ந்தபோது வாளியில் ஆவி பறந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பையன் என்னைக் கண்டதும் "ட்ரெயின் லேட் அங்கிள்!" என்று எழுந்து நின்றான். குளித்தோம். மனைவி பட்டுச்சேலை கட்டினாள். அரங்கத்துக்குள் நுழையும்போது பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. இத்தனை பேர் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை சபையில் கூடக் கடைசி பெஞ்சில் இருக்கிற நான், நடுவழியாக நடந்து போய் அங்கே உட்கார்ந்தேன்.

மகள் மேடையேறியதும் அவள் கண் முதலில் அந்த நாற்காலிகளுக்குத்தான் வந்தது. எல்லோரும் கை தட்டி நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி, பாறசாலையிலிருந்து வெள்ளறடை பஸ்ஸில் ஏறினோம். எங்கள் நிறுத்தம் நெருங்கியது. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மனைவி விலாவில் இடித்தாள்.

"நாகபூர்க்காரன்கிட்ட வெந்நீர் கேட்ட வாய் எங்க போச்சு?"

"ஆள் இறங்கணும்!" என்றேன். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எனிக்கு செவி கேக்காம் சேட்டா." எனக்குக் காது கேட்கும், அண்ணா.