அங்கே நிற்க வேறு இடம் இல்லை

காரியாபட்டியில் பஸ் நின்றிருந்தபோது போன் வந்தது. கங்கையில் டக் படகில் எங்களுக்குச் சமைத்துப்போட்ட பீகார்க்காரர் பேசினார். முத்திருளாண்டி போய்விட்டார் என்றார். சரக்கு பார்ஜைப் படகோடு இழுத்துக் கட்டும் இரும்பு ரோப் அறுந்து நெஞ்சில் அடித்திருக்கிறது. அழுகைக்கு நடுவே இன்னொன்றும் சொன்னார். "தப்பான இடத்தில் நின்றான் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள்."

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். முத்திருளாண்டி அண்ணனை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

திருச்சுழிக்குத் தெற்கே, கண்மாய் நிறைய சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஊர் அவருடையது. நான் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் இருவரையும் ஒரே ஏஜென்ட்தான் வேலைக்கு அனுப்பினான். நீச்சல் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. தெரியாது. குளிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் எங்கே போய் நீந்துவது?

பார்ஜ் என்பது எஞ்சின் இல்லாத நீண்ட இரும்புத் தொட்டி. அனல்மின் நிலையச் சாம்பலை அதில் நிரப்புவார்கள். பின்னால் டக் படகை முட்ட வைத்து, ரோப்பால் இறுக்கிக் கட்டி, ஆற்றில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் அந்த ஆற்றின் அகலத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் எதிர்க்கரையைக் கண்ணால் தேடினார். பிறகு கேட்டார்.

"ஏலே தறிக்காரா, இம்புட்டுத் தண்ணியையும் யாருக்குடா கொண்டு போறாய்ங்க?"

"கடலுக்குண்ணே."

"அங்கதான் ஏற்கெனவே கெடக்குல்ல? இருக்கிறவனுக்கே குடுக்கிறாய்ங்க பாரு."

அவ்வளவு தண்ணீருக்கு நடுவிலும் அவர் ஒரே ஒரு குவளைத் தண்ணீரில் தட்டைக் கழுவுவார். சமையல்காரர் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டே அவரைக் கேலி செய்வார். அண்ணன் என்னிடம் திரும்பிச் சொன்னார்: "என் பொண்டாட்டி அங்க குடத்தோட லாரிக்கு நிக்கிறா. நான் இங்க ரெண்டு வாளி ஊத்துனா அவளுக்கு இடுப்பு வலிக்கும்டா. இவனுக்கு எப்படிச் சொல்ல?"

டீயும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஊர் போர்த் தண்ணீர் உப்பு. அதிலேயே டீ குடித்து வளர்ந்த நாக்கு. ஒருநாள் யாரும் பார்க்காதபோது படகின் டீப் பாத்திரத்தில் உப்பைப் போட்டுவிட்டார். படகை ஓட்டும் வங்காளி சாரங் ஒரு வாய் குடித்துவிட்டு ஆற்றில் துப்பினார். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் குடித்தார். "இப்பத்தான்டா வீட்டுல குடிச்ச மாதிரி இருக்கு."

சாரங் பின்னால், உயரத்தில் இருப்பார். பார்ஜின் முன்னால் ஆழம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. மூங்கில் கழியைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்து, மீட்டர் கணக்கை இந்தியில் கத்திச் சொல்வதுதான் முனையில் நிற்பவனின் வேலை. அண்ணன் இந்தி எண்களை நன்றாகத்தான் படித்து வைத்திருந்தார். ஆனால் ஒரு மத்தியானம் திடீரென்று மணல் மேடு தட்டியதும் எல்லாம் மறந்துபோய், கிணற்றுக்குள் இறங்கியவர் மேலே நிற்பவனுக்குச் சொல்வதுபோல "கழுத்து! கழுத்து! இடுப்பு!" என்று கத்தினார். சாரங்குக்குப் புரியவில்லை. பார்ஜ் மணலில் ஏறி உட்கார்ந்தது.

இன்னொரு டக் வந்து இழுக்கும்வரை காத்திருந்தோம். சாரங் திட்டிக்கொண்டே இருந்தார். அண்ணனோ கீழே குதித்து, இடுப்புத் தண்ணீரில் நடந்து, நடு ஆற்றில் காய்ந்து கிடந்த மணல் மேட்டின் முதுகில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். மணலை அள்ளி அள்ளிக் கையில் வைத்துப் பார்த்தார். மதினிக்குப் போன் போட்டார்.

"ஏத்தா, கரையேறிட்டேன்."

"எந்தக் கரை? வீட்டுக்கு வாரீகளா?"

"இல்லத்தா. கரை மாதிரி ஒண்ணு."

அதன்பிறகும் அவர் ஆழத்தைத் தமிழில்தான் கத்தினார். சாரங்தான் கற்றுக்கொண்டார். 'ரெண்டாளு' ஆழம் என்றால் போகலாம். 'ஒண்ணரை ஆளு' என்றால் மெதுவாக. 'கழுத்து' என்றால் நிறுத்து. "முத்தூ, கொத்தோ ஆளு?" என்று, எத்தனை ஆள் ஆழம் என்பதை மைக்கில் கேட்கும் அந்த வங்காளிக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் இறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். டக்கின் மூக்கு பார்ஜை முட்டும் இடத்தில் ரோப்பைச் சுற்றி இறுக்கும் வின்ச் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் சாம்பல் தொட்டியின் சுவர். மறுபக்கம் ஆறு. நடுவில் இரண்டு பாதம் வைக்க இடம். அங்கே நின்றுதான் இறுக்க முடியும். நானும் அங்கேதான் நின்றேன். ரோப்பில் பிரி விட்டுக் கம்பி முள்ளுமுள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. "மாத்துங்கய்யா, இது எவனையாவது தின்னுட்டுத்தான் அடங்கும்" என்று ஆபீஸ் ஆட்கள் வரும்போதெல்லாம் அண்ணன் சொன்னார். நான் வேலையை விட்டு வந்தபோதும் அதே ரோப்தான் இருந்தது. உயிர்காப்புச் சட்டைகள் சோதனை நாளில் காட்டுவதற்காகப் பூட்டிய பெட்டியில் பத்திரமாக இருந்தன.

அண்ணன் பெட்டியில் ஊருக்கு வந்தார். கூடவே ஆபீஸ் சார்பாக ஒருவர் மாலையோடும், மூடி முத்திரையிட்ட செம்பில் கங்கை நீரோடும் வந்தார். பந்தலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்ல உழைப்பாளி. பாவம், கவனமில்லாமத் தப்பான எடத்துல நின்னுட்டாரு" என்றார். பாக்கியம் மதினி பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கூட வேல பாத்தவுக. அவுக தப்பான எடத்துலயா நிண்டாக?"

"அங்க நிக்க வேற எடமே இல்ல மதினி. எவன் நிண்டாலும் அங்கதான் நிக்கணும். ரோப்ப மாத்தச் சொல்லிச் சொல்லி அண்ணனுக்குத் தொண்ட வத்திப்போச்சு."

வந்தவர் செருப்பைத் தேடினார். அந்நேரம் நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டக் கண்மாயில் நீர் எடுத்து வருவது அங்கே வழக்கம். கண்மாய் காய்ந்து கிடந்தது. "கங்கத் தண்ணியே வந்திருக்கு, யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை" என்று ஒரு பெரியவர் செம்பைத் தூக்கினார். மதினி அதை வாங்கி, வந்தவரின் காலடியில் வைத்தார்.

"அந்தத் தண்ணியில கெடந்துதான் வந்திருக்காக. நம்ம உப்புத் தண்ணி பிடிச்சிட்டு வாங்க."

தெருமுனை போர்க் குழாயில் குடம் நிறைத்து, கொட்டு முழங்க எடுத்து வந்தார்கள். பெட்டியை முகம் தெரியும் அளவுக்குத்தான் திறந்தார்கள். அந்த உப்புத் தண்ணீர் அவர் உதட்டில் பட்டது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சமையல்காரரிடம் பேசினேன். முனையில் நிற்கப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம், ஜார்க்கண்ட்காரன். மீட்டர் கணக்கு வேண்டாம், 'ரெண்டாளு' என்று கத்து என்று சாரங் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வின்ச்சை இறுக்கும்போது அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டேன்.

"அங்கேதான். வேறு எங்கே நிற்பான்?"

முத்திருளாண்டி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை கொஞ்சம். டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்கிறேன், வீட்டில் திட்டுகிறார்கள். தண்ணீரைக் கொட்டும்போது யாருடைய இடுப்போ வலிக்கிறது. மதினிக்கு நான் சொன்ன அந்தப் பதிலும் இருக்கிறது. அதை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது யாராவது அவரைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொன்னால், உடனே மறுத்துச் சொல்லுங்கள்.