வாருவது வேறு, அள்ளுவது வேறு

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் போகிறது. சிறுமலைப் பக்கம் பெய்கிற மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 'போகிறது' என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. ஆகாயத்தாமரையும் பழைய மெத்தைகளும் கோழிக்கடைக் கழிவும் அடைத்துக்கொண்டு, பல வருஷமாக அது நின்றுகொண்டுதான் இருந்தது.

மழைக்காலம் வந்தால் என் கண் அந்த வாய்க்கால் மேலேயேதான் இருக்கும். என் வீட்டுக்காரர் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கியவர். ஆள் நல்ல கனம். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய் 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சோறு போதுமா? சரி. இன்னும் வேணுமா? சரி. கொசு கடிக்குதா? அதற்கும் சரி. நான் ஒருத்தியாக அவரைப் புரட்டிப் படுக்க வைக்கலாம், தூக்க முடியாது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் இவரை எப்படி வெளியே கொண்டுபோவேன்?

அதைச் சொல்லத்தான் மாநகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். "பாத்துக்கலாம்மா" என்பார்கள், செல்போனைப் பார்த்துக்கொண்டே. கிணற்றில் போட்ட கல்தான்.

ஒருவழியாக மழைக்கு முன்னால் ஜேசிபி வந்தது. அதற்கு மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட எங்கள் தெருவில் அத்தனை உபசாரம் நடந்ததில்லை. அதிகாரியும் வந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். வாய்க்காலுக்கு எட்டத்தில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தான் பார்க்கிற வேலையின் நாற்றத்தைத் தானே தாங்க முடியாத ஆளை அன்றுதான் பார்த்தேன். படம் எடுக்கும்போது மட்டும் கைக்குட்டை பைக்குள் போனது.

ஜேசிபி வண்டலை வாரி வாரிக் கரை விளிம்பிலேயே கொட்டியது. கொட்டிவிட்டுக் கிளம்பியது. அதிகாரியிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"சார், மண்ணக் கரையிலயே போட்டுட்டுப் போறீங்களே. ஒரு மழை பெஞ்சா திரும்ப உள்ளதான விழும்?"

"ஏம்மா, தூர் வாரியாச்சு. மண்ண அள்ளுறது வேற டெண்டர்."

"அது எப்ப சார் வரும்?"

"வரும்மா. வராம எங்க போகப் போகுது?"

வாருவது வேறு, அள்ளுவது வேறு என்று இந்த வயதில் எனக்கு ஒரு தமிழ் வாத்தியார் கிடைத்தார். தலையை வாரி, உதிர்ந்த முடியையும் பேனையும் திரும்பத் தலையிலேயே வைத்துக்கொள்கிறவர் யாராவது உண்டா? இவர்களுக்குத் தெரிந்த வாருதல் இரண்டே இரண்டுதான். ஒன்று வாரிச் சுருட்டுவது, இன்னொன்று நம் காலை வாருவது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. செத்த நேரத்தில் கரை மண் முழுக்க வாய்க்காலுக்குள் சரிந்து, அதன் குறுக்கே இருந்த சின்னப் பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் தெருப்பக்கம் திரும்பியது. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சேறும் தண்ணீருமாக உள்ளே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் சட்டத்தைத் தொட்டது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். எதிர்வீட்டு டீக்கடைத் தம்பியும் இரண்டு ஆட்டோக்காரர்களும் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடி வந்தார்கள்.

"அக்கா, மாமா தலையப் பிடிங்க! ஏலே, சேர் சாயுது பாரு, இந்தப் பக்கம் தாங்கு!"

இடுப்பளவுத் தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் பள்ளிக்கூட மாடிக்குப் போனோம். வழி நெடுக அவர் "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தூக்கினவர்கள் தைரியமாக இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அது அலறல் என்று எனக்குத்தான் தெரியும். ஊர் மூட்டையெல்லாம் தூக்கிய மனிதர், தானே மூட்டையாகிப் போனார். அதைப் பார்க்க வைத்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அவரை டீக்கடை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்த வண்டலைத் தகரத்தால் வழித்து வாரி வாசலில் குவித்தேன். அதே மண்தான். அப்போது ஜீப் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய, கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு அதே அதிகாரி. பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். குவியல் அவருக்கு வழியை மறித்தது.

"ஏம்மா, ரோட்டுல இப்படிக் குவிச்சு வச்சா வண்டி எப்படிப் போறது? எடுங்க அத."

நான் தகரத்தைக் கீழே வைத்தேன். "வாரியாச்சு சார். அள்ளுறது வேற டெண்டர்."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் கறுத்துப்போனது. என்னிடம் பேச்சுக் கொடுக்காமல், கூட வந்த கேமராக்காரரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் போனார். ரொட்டியை மடியில் வைத்து, தோளைத் தட்டினார்.

"பெரியவரே, ஒரு வாரத்துல எல்லாத்தையும் பண்ணிக் குடுத்துருவோம். சரியா?"

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தானே. சொல்லிவிடுவார், அதையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசலில் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"சரிதானே, பெரியவரே?"

கேமராக்காரர் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.