கடலில் தேடிய காப்பு

கிளேபாங் கடற்கரையில் முழங்காலுக்கு மேல் நனைய நின்று என் கணவர் எங்கள் குழந்தையின் தங்கக் காப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் இரண்டு குமிழ்கள், தோளில் கித்தான் பை, கையில் நீண்ட கழி, கழியின் முனையில் ஒரு வட்டத் தட்டு. காப்பு அந்தக் கடலில் இல்லை என்பது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்ற எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றேன். எந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஓர் இடமல்ல, பல இடங்கள் இருந்தன.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைவதற்கு, முந்தின வருடம் அது. காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் அரசாங்க ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் தலைப்பிள்ளை இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. காய்ச்சல் கண்டதும் தாயத்துக் கட்டி, மந்திரித்து, இரண்டு நாளைப் போக்கிவிட்டோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அதற்குப் பிறகு என் கணவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: இன்னொரு பிள்ளை பிறந்தால் இந்த மாதிரி எதுவும் வேண்டாம். நான் சம்மதித்தேன். கான்வென்டில் படித்தவள் நான். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் இரண்டாவதாகப் பிறந்த பெண்ணுக்கு எட்டு மாதமானபோது இருமல் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், இருமல் குறைந்தும் விட்டது. எனக்குத்தான் பயம் குறையவில்லை. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடுத்ததைக் குப்பையில் போட்டுப் புரட்டி, இன்னொருத்தி கண்டெடுத்ததுபோல் எடுக்க, பெற்றவளே தவிட்டுக்கு வாங்கினால் அது தங்கும் என்று சின்ன வயதில் கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணியிடம் அதைச் சொன்னேன். பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் மட்டும் முகம் மலர்ந்து திரும்புவார். அவர் தூண்டித்தான் செய்தேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை, நான்தான் கெஞ்சினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் மீன் வாங்கப் பாசாருக்குப் போனதும், மூன்று வீட்டுக்கும் பொதுவாகக் கொல்லையில் இருந்த குப்பைமேட்டில் வாழையிலை விரித்துக் குழந்தையைக் கிடத்தினோம். மூன்று முறை புரட்டிவிட்டு நான் முதுகைக் காட்டி நடந்தேன். அக்கா அவளை வாரி எடுத்து, ஒரு பிள்ளையைக் கண்டெடுத்தேன், யாருக்காவது வேண்டுமா என்று மலாயில் கூவினார். நான் ஒரு சிரட்டைத் தவிட்டை நீட்டினேன். இந்த அழுகைக்கு இவ்வளவு தவிடே அதிகம், பாதியைத் திருப்பி எடுத்துக்கொள் என்றார். வெகுநாளைக்குப் பிறகு அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், இடது கையில் காப்பு இல்லை. ஜாலான் பெண்டஹாரா நகைக்கடையில் என் அண்ணன் வாங்கிப் போட்டது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கியிருந்தார். குப்பைமேட்டுக்கு ஓடினேன். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. குழந்தைக்கு முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டேன்.

அன்று மாலை பஸ் பிடித்துக் கிளேபாங் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. மகளின் காலைக் கடலில் நனைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சட்டையைக் கழற்றி அவரே அவளைத் தண்ணீரில் தோய்த்துத் தூக்கினார். அடுத்த நிமிடம், "காப்பு எங்கே?" என்றார்.

"இவ்வளவு நேரம் இருந்துச்சே," என்றேன். "அலையில போயிருக்கும்."

அவ்வளவு சுலபமாக அது என் வாயில் வந்தது. இருட்டும்வரை அவர் மணலைக் கையால் அரித்தார். பஸ்ஸில் வரும்போது, நான்தான் தண்ணீரில் விட்டேன், என் தப்புத்தான் என்று எத்தனை தடவை சொன்னார் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் அவர் வேலைக்குப் போனதும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறினேன். சாம்பலும் தேங்காய் மட்டையும் பால் டின்னும் மீன் முள்ளும்தான் வந்தன. இரண்டு நாள் நல்ல மழை. அக்காவும் கூடவே கிளறினார். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, ஆம்பிளைகள் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பார்கள், அடுத்த வேளை இரண்டு பங்காகச் சாப்பிடுவார்கள் என்றார். சொல்வதற்கு வார்த்தைகளைக்கூடத் தயார் செய்தேன். அவர் வந்து குழந்தையின் வெறுங்கையை எடுத்து முத்தமிடுவதைப் பார்த்ததும் காப்பி போட அடுப்படிக்குப் போய்விடுவேன்.

சனிக்கிழமை மதியம், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கும் அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் புதைத்து வைத்த வெடியையும் துப்பாக்கியையும் தேட ராணுவம் வைத்திருந்தது. நிலத்தடிக் குழாய்களைக் கண்டுபிடிக்க ஒன்றை ஸ்டோருக்குக் கொடுத்திருந்தார்கள். சாவி இவர் கையில் இருந்ததால் யாரையும் கேட்காமல் எடுத்து வந்திருந்தார். திங்கள் காலை திருப்பி வைத்துவிடலாம் என்றார். சீமைக்குத் திரும்பவிருந்த துரை, தலைமை ஸ்டோர்க்காரர் வேலைக்கு இவர் பெயரைத்தான் எழுதப்போவதாகச் சொல்லியிருந்த சமயம் அது. வேலைக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

அன்று மாலை கடற்கரை மணலில் கருவி நன்றாகவே பாடியது. சோடா மூடி, ஆணி, துருப்பிடித்த தோட்டா. சுற்றிக் கூடிய மலாய் மீனவர்கள், ஜப்பான்காரன் விட்டுப்போன தங்கம் கிடைத்தால் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கேலி பேசினார்கள். பிறகு ஒரு சாண் ஆழத்தில் யாரோ ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு கிடைத்தது. யாராவது தேடி வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று அவர் அதைக் கரையோரக் காப்பிக்கடைப் பெண்ணிடம் ஒப்படைத்தார். இதுவே கிடைக்கும்போது நம்முடையது கிடைக்காமல் போகுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தட்டில் தண்ணீர் படக்கூடாதாம். குழந்தையின் தொட்டிலில் போடும் ரப்பர் விரிப்பைக் கேட்டார். நான்தான் அதைத் தட்டைச் சுற்றி மடித்துக் கயிற்றால் கட்டினேன். முடிச்சுப் போடும்போது என் கை நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கடலில் இறங்கிப் போய்விட்டார்.

"போதுங்க, வந்துடுங்க," என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார்.

அப்போது ஓர் அலை எழும்பி அவர் தோளில் இருந்த பைவரை நனைத்தது. காதுக் குமிழ்களைக் கழற்றி உதறினார், மறுபடியும் மாட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கரைக்கு வந்தார். ரப்பர் விரிப்பை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கருவியைப் பிரித்துப் பாயில் வெயிலுக்கு வைத்தார். நான் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுக்க, ஒவ்வொரு திருகாணியாகத் துடைத்தார். மதியம் மறுபடி பொருத்தி முடித்ததும் தோசைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னார். தட்டைக் கல்லுக்கு மேலே பிடித்தவர் முகம் மாறியது. குமிழை என் காதில் வைத்தார். உள்ளே வண்டு முரல்வதுபோல் சத்தம். அவர் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில்தான் சொன்னேன்.

"காப்பு கடல்ல விழலைங்க. பின்னால குப்பைமேட்டுல இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன், தவிடு உட்பட. அவர் குழந்தையைப் பாயில் உட்கார வைத்தார்.

"அலையில போச்சுன்னு சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கருவியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். முதலில் பால் டின்களுக்குச் சத்தம் வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். பிறகு சத்தமே இல்லை. மேடு முழுவதும் இரண்டு தடவை தடவிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்றார். ஆனால் வாழையிலையின் காய்ந்த நரம்பொன்று ஓரிடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வாரம் முழுவதும் கிளறியும் மட்டைகளுக்கு அடியில் அது என் கண்ணில் படவில்லை. அவர் அதற்கு மேலே தட்டைப் பிடித்திருக்க, நான் குந்தி உட்கார்ந்து ஈரச் சாம்பலுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு மறைவதற்குள் விரலில் வளையமாக ஏதோ தட்டுப்பட்டது.

அதை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எடுத்தால் கருவி கெட்டுவிட்டது என்று ஆகிவிடும். சாம்பலை மூடிவிட்டு எழுந்தால் அவர் நிம்மதியாக நாளைக்கு வேலைக்குப் போவார். மறுபடியும் ஒரு பொய்க்குக் கை தயாராகத்தான் இருந்தது. அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். எடுத்துவிட்டேன்.

காப்பைத் தரையில் வைத்து அதன்மேல் தட்டைப் பிடித்தார். தட்டு கிட்டத்தட்ட காப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை.

"தோசைக்கல்லு கேக்குதே," என்றேன். "குழாய்க்கு அது போதும். யாருக்குங்க தெரியப்போகுது?"

"ராணுவம் இதைத் திரும்ப வாங்கிட்டுப் போய், இது கத்தலைன்னு நம்பி எவனாவது வெடிமேல காலை வெச்சான்னா?" என்றார்.

திங்கட்கிழமை கருவியோடு போய் துரையிடம் நடந்ததைச் சொன்னார். என் பிள்ளையின் காப்பு கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தேடினேன் என்று மட்டும் சொன்னாராம். நினைக்க வைத்தவளைப் பற்றிச் சொல்லவில்லை. வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மெர்டேக்காவுக்குப் பிறகு தலைமை ஸ்டோர்க்காரர் நாற்காலியில் இவருக்குக் கீழே வேலை பழகிய ஒருவர் உட்கார்ந்தார். அவரைப் பற்றி என் கணவர் ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அந்தத் திங்கள் காலை கிளம்புவதற்கு முன் காப்பில் நூலைச் சுற்றி இறுக்கி அவரே குழந்தைக்குப் போட்டுவிட்டார். குப்பையில் எடுத்த பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். குப்பை என்றுதான் கூப்பிடுவார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. இருமல் இல்லை. அது தவிட்டாலா, டாக்டர் மருந்தாலா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. வேலை முடிந்து வந்ததும் சில நாள் அவர் வாசலில் நின்று, "குப்பை, அப்பா வந்தாச்சு," என்பார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள். நான் அடுப்படியிலிருந்து எட்டி அவர் முகத்தைப் பார்ப்பேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.