பின்சக்கரத்துப் புகை

போன மார்கழியில் ஒரு காலை நேரம். கண் ஆபரேஷனுக்காக என் மாமியாரைக் கீரனூரிலிருந்து திருச்சிக்குக் காரில் அழைத்துப் போனேன். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நான் ஓட்டப் பழகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் போகச் சொன்ன உறவினர்களிடம், “எம் மருமக ஓட்டுவா, அதுலதான் போவேன்” என்று அடித்துச் சொல்லிவிட்டார் அத்தை.

அந்தப் பெருமையில் முந்தின நாள் பொழுது சாயும்போது காரைக் கழுவி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். காலையில் பிரேக்கை எடுத்தும் வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்த, திணறிக்கொண்டு கிளம்பியது. பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி பின்னால் ஒட்டிக்கொண்டது. ஓயாமல் ஹாரன், லைட்டை வேறு போட்டுப் போட்டு அணைத்தார் டிரைவர். பெண் ஓட்டுகிறாள் என்று வம்பு பண்ணுகிறார் என எரிச்சலோடு வேகத்தைக் கூட்டினேன்.

“ஏதோ கருகுற வாடை வருதே ஆத்தா” என்றார் அத்தை.

“வெளிய குப்பை எரிக்கிறாங்க அத்தை.”

லாரி எங்களை முந்திப்போய், கையைக் காட்டியபடி மெதுவாக ஓரம் கட்டியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. உயிரே போய்விட்டது. விட்டு விட்டு மிதித்ததில், லாரியை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

இறங்கிச் சண்டைக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும் அந்த டிரைவர் என் பின்சக்கரத்தைக் காட்டினார். புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு ஓடியவளைத் தடுத்தார்.

“ஊத்தாதீங்கம்மா, கொதிக்கிற பிரேக் டிரம்மு விரிசல் விட்டுரும். ஆத்தாவ இங்கிட்டு வெயில்ல உக்கார வைங்க.”

சூடு ஆறும்வரை கூடவே இருந்தார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, டிரம்மைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒட்டியிருந்த பிரேக் விட்டது. சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. சூட்டில் கொதித்த பிரேக் ஆயில் ஆறியிருந்ததால் பெடலும் பழையபடி கெட்டியாக இருந்தது.

“ஈரத்தோட ஹேண்ட் பிரேக் போட்டா துருப்புடிச்சு ஒட்டிக்கும். கழுவுனா கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை நாலு தரம் மிதிச்சுக் காயவிடுங்க. கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு குடுத்து நிறுத்துனாப் போதும்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். “பனியில ஒரு லாரி வெரட்டுனா எம் மகளும் இதத்தாம்மா பண்ணியிருப்பா” என்று சிரித்தார். வழியில் இருந்த மெக்கானிக் கடைவரை மெதுவாகப் பின்னாலேயே வந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை கண்கட்டோடு மகனிடம் போனில் பேசிய அத்தை, “நம்ம புள்ள அருமையா ஓட்டுதுடா. காருக்குத்தான் குளிர் ஒத்துக்கல” என்றார்.

உதவ வந்தவரை வம்புக்காரராகவும், பக்கத்தில் இருந்தவர் சொன்னதைப் பிதற்றலாகவும் எண்ணிய என்னை, இருவருமே ஒரு சுடுசொல் இல்லாமல் மன்னித்ததை இன்றும் நான் மறக்கவில்லை.