விலாவுக்குள் நின்ற காட்டுமாடு

சர்ர் என்று ஒரு சத்தம். கொடைக்கானல் பேருந்து நிலையத்தில், பெஞ்சில் என் பக்கத்தில், கீழிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம். சின்னப் பெண் தன் புது ஜெர்கினின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிறாள், ஒட்டுகிறாள், மறுபடி பிரிக்கிறாள். சர்ர். அவளுக்கு அது விளையாட்டு. என் இடது கை மட்டும் என்னைக் கேட்காமல் விறைத்துக்கொண்டது. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கழற்றும்போது வருமே, அதே சத்தம். அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு பேச்சு வரும்: "நார்மல்தாம்மா." எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன். நார்மல் நார்மல் என்று கேட்டுக்கொண்டே நான் சாகக் கிடந்தேன்.

இப்போது வலது விலாவுக்குக் கீழே சின்னச் சின்னத் தழும்புகள், காப்பிப் பழத்தை வைத்து அழுத்தியது போல. தொட்டால் வலிக்காது. சாரல் காலத்தில் கொஞ்சம் அரிக்கும். உடம்பில் அவ்வளவுதான் மிச்சம். காதில் இருப்பதை எந்தக் கத்தி எடுக்கும்?

பெரும்பாறைக்கு மேலே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி உண்டு. நிழல் மரங்களில் மிளகு, ஊடே ஆரஞ்சு, மலைவாழை. பழம் பறிக்கிற பருவத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கூலிக்கு வருகிற பெண்களோடு சேர்ந்தே இறங்குவோம். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டால் சோலி முடியும்வரை அவிழ்ப்பதில்லை. அப்படி ஒரு காலையில், ஓடைக்கரை வரிசையில், கிளையை வளைத்து இழுக்கிறேன், கிளைக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நின்றது. மழையில் நனைந்த பாறை போல அத்தனை கறுப்பு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அது ஒரு மூச்சு விட்டது, அந்தச் சூடு என் முகத்தில் பட்டது. பிறகு தனக்கு இங்கே ஒன்றும் வேலையில்லை என்பது போலத் திரும்பி நடந்து போனது. நான் மேலே ஏறி வந்து சிரித்தபடியேதான் எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில நாள் கழித்து அதே வரிசையில், மாடும் இல்லை மனிதரும் இல்லை, அது வந்தது.

முதலில் உள்ளங்கை சில்லிட்டது. பிறகு பிடரியில் யாரோ உலக்கை போட்டார்கள். நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது, பல்லில் கேட்டது, விரல் நுனியில் கேட்டது. மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியாக வந்தது பயம். எதைப் பார்த்து என்று கேட்டால் சொல்லத் தெரியாத பயம். இலை அசைந்தது, அதில் பயம். தூக்குவாளியின் மூடியில் வெயில் மின்னியது, அதில் பயம். அம்மா என்று கூப்பிட வாய் திறந்தால் என் குரலைக் கேட்டே இன்னும் பயம். இதோ இப்போதே சாகப்போகிறேன் என்று உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் சொல்லியது. உடம்பு பொய் சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் விட்டது. வந்த வழி தெரியாமல் போயிற்று. முகம் சாம்பல் பூத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள்.

"பயந்துட்டா" என்று காடே தீர்ப்புச் சொல்லியது. கூடப் பறிக்கிறவள் ஒருத்தி, அவள் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அந்த மாடு ஒன்னைய பொண்ணு பாத்துட்டுப் போயிருக்குக்கா. பிடிச்சுப்போச்சு போல. அதான் ஆள் விட்டுக் கூப்பிடுது."

"வாயை மூடிட்டுப் பழத்தைப் பறி" என்றேன்.

வீட்டுக்காரர் என் தலையில் கை வைத்தார். "பயப்படாத. ஒண்ணுமில்ல."

"எனக்கென்ன பயம்? எனக்குப் பயமெல்லாம் இல்ல."

அன்றிலிருந்து இந்த இரண்டும்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. அவர் பயப்படாதே என்பார், நான் பயமில்லை என்பேன். பயந்தவள் என்று ஒருமுறை பேர் விழுந்தால் மலையில் அது ஒட்டிக்கொள்ளும். மந்திரித்த கறுப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டினார்கள். ஓடைக்கரையை விட்டு மேட்டு வரிசைக்கு என்னை மாற்றினார்கள். அங்கேயும் வந்தது. அடுப்படியில் குனிந்து ஊதும்போது வந்தது. அரிசிப் பானையைத் தூக்கி இடுப்போடு அணைத்தபோது வந்தது. மாடு பின்னாடியே வருகிறது என்றார்கள். நானும் நம்பினேன். அது வெளியே எங்கும் இல்லை, எனக்குள் புகுந்து வலது விலாவுக்கடியில் நிற்கிறது, அசைபோடுகிறது, நான் அசைந்தால் முட்டுகிறது என்று நம்பினேன். எப்படி அவ்வளவு சரியாக அந்த இடத்தைச் சொன்னேனோ!

ஒவ்வொரு முறையும் தார்ரோட்டுக்கு நடந்து, ஜீப் பிடித்து, டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது அது அடங்கிப் போயிருக்கும். பட்டையைச் சுற்றுவார்கள், காற்றடிப்பார்கள். சர்ர். நார்மல்தாம்மா. மனசை லேசா வச்சுக்கங்க. ஒரு டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை தந்தார். தூக்கத்திலும் வந்தது.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் என் அண்ணன்தான் கொடைக்கானல் டாக்டர் அம்மாவிடம் போகச் சொல்லி வற்புறுத்தியது. சின்ன ஆஸ்பத்திரி. வெள்ளைக் கோட்டுக்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பல்லாம் வருது?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "காட்டுமாட்டைப் பாத்ததுல இருந்துங்க மேடம்."

"மாட்டை நான் அப்புறம் விசாரிச்சுக்கறேன். அவங்க சொல்லட்டும்."

"பறிக்கும்போதுங்க. குனியும்போது. எதையாச்சும் தூக்கும்போது."

"சும்மா உக்காந்திருக்கும்போது?"

யோசித்தேன். "அவ்வளவா இல்லைங்க."

படுக்கச் சொன்னார். கையில் பட்டை சுற்றியபடியே இருந்தது. குளிர்ந்த உள்ளங்கையை வயிற்றில் வைத்து, இடப்பக்கம் அமுக்கினார், நடுவில் அமுக்கினார், வலது விலாவுக்கடியில் விரல்களைக் கொடுத்து அமுக்கினார்.

உள்ளங்கை சில்லிட்டது. பிடரியில் உலக்கை. "வருதுங்க" என்றேன், சத்தம் வந்ததா தெரியவில்லை. அவர் சட்டென்று மிஷின் பொத்தானை அழுத்தினார். பட்டை என் கையைக் கடித்தது. எண்கள் ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. டாக்டர் என் வயிற்றிலிருந்த கையைக் கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் போல எடுத்தார். அவர் முகமும் வெளுத்தது. "சிஸ்டர்! இவங்க வயித்தை இனி யாரும் தொடாதீங்க."

இத்தனை காலத்தில் என்னோடு சேர்ந்து இன்னொருவர் பயந்தது அன்றைக்குத்தான். அதைவிடப் பெரிய ஆறுதலும் இல்லை, அதைவிடப் பெரிய திகிலும் இல்லை. நார்மல் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

அடங்கிய பிறகு கேட்டார். "காப்பி பறிக்கும்போது சாக்கை எங்க கட்டுவீங்க?"

காட்டினேன். சாக்கு நிறைய நிறைய, சரிவில் மேல்பக்கம் சாய்ந்து நிற்க நிற்க, பாரம் முழுக்க வலது வயிற்றை அழுத்தும். என் கை போய் நின்ற இடமும் அவர் விரல் நின்ற இடமும் ஒன்று. வீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குப் பயந்து வரிசை மாற்றினோம், கயிறு கட்டினோம். சாக்கை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு முழு நாள் மூத்திரத்தைக் கேனில் பிடித்து வரச் சொன்னார். அதற்கு முன்னால் சில நாள் காப்பி, சாக்லேட், வாழைப்பழம் மூன்றையும் தொடக் கூடாது, தொட்டால் சோதனை தப்பாகக் காட்டும் என்றார்.

"காப்பித்தோட்டக்காரிகிட்ட காப்பி குடிக்காதங்கிறாங்க" என்று வீட்டுக்காரர் வெளியே வந்ததும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கேனைப் பையில் வைத்து மடியில் சுமந்துகொண்டு பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் போகிற பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னக்கா, மலைத்தேனா? பழனிச் சாமிக்கா, வியாபாரத்துக்கா?"

"இது வீட்டு ஈ எடுத்ததுப்பா. ஒனக்கு ஒத்துக்காது" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். எனக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்கினால் வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கேனை அணைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் கேட்டார். "காப்பி?"

"இல்லைங்க."

"வாழைப்பழம்?"

"கண்ணால பாக்கலைங்க. அண்ணன் கொண்டாந்த பஞ்சாமிர்தம் மட்டும்தான் சாப்பிட்டேன்."

அவர் பேனா நின்றது. "பஞ்சாமிர்தம் எதுல செய்றாங்க?"

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நம்ம மலைவாழையிலதாங்க."

எங்கள் சரிவில் விளைந்த பழம் பழனிக்கு இறங்கி, சாமி தலையில் ஏறி, பிரசாதமாகி என் உள்ளங்கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதை வாழைப்பழம் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. கேனைக் கொட்டினார்கள். எல்லாம் முதலிலிருந்து. போனில் அண்ணன் தழுதழுத்தது. "முருகா! ஆத்தா, ஒனக்காக வேண்டிக்கிட்டு நானே கெடுத்துட்டேனே."

அந்தக் காத்திருப்பில்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது வந்தது. அது விட்டுப்போன பின்னும் ஒரு கண்ணில் வெகுநேரம் புகை படிந்திருந்தது. டாக்டர் அம்மா இந்த முறை ஒளிக்கவில்லை. "இன்னொண்ணு இப்படி வந்தா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம். வெரசா மதுரைக்குப் போங்க." இரண்டாவது கேன் சொன்னதை மதுரையில் எடுத்த ஸ்கேனும் சொல்லியது.

மதுரை ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது கிட்னி. அது தலையில குல்லா மாதிரி, உங்க ஊர்ல குளிருக்குப் போடுவீங்களே, அப்படி ஒரு சுரப்பி. ஆபத்துன்னா ஓடுறதுக்கு உடம்பைத் தயார் பண்றது இதுதான். அதுல ஒரு கட்டி. அதுக்கு ஆபத்தெல்லாம் வேண்டாம். லேசா இடிச்சாப் போதும், மொத்தத்தையும் ரத்தத்துல கொட்டும். அபூர்வமான வியாதிம்மா."

"எடுத்துடலாமாய்யா?"

"எடுக்கணும்." படத்தைக் கீழே வைத்தார். "தொட்டாத்தான் எடுக்க முடியும். தொட்டா அது கொட்டும். அதான் சிக்கல்."

அதனால் முதலில் மாத்திரைகள். ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, கட்டி கத்தினாலும் உடம்புக்குக் கேட்காதபடி செய்கிற மாத்திரைகள். மூக்கடைத்தது. எழுந்தால் தலை சுற்றியது. நிறையத் தண்ணீர், நிறைய உப்பு. ஒருநாள் காலையில் கவனித்தேன்: நெஞ்சு அடிக்கவில்லை, கை சில்லிடவில்லை, வேர்க்கவில்லை. விலாவுக்குள் மாடு படுத்துவிட்டது.

அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். அதுவரை வந்ததெல்லாம் கட்டியின் பயம், என் உடம்பை வாடகைக்கு எடுத்து ஆடிய பயம். இது அமைதியான நெஞ்சில், உலர்ந்த உள்ளங்கையில், சத்தமே போடாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மயக்கம் கொடுத்த பின் எண்கள் ஏறினால்? இறங்கி, இறங்கியபடியே போனால்? இது என்னுடையது. எந்த மாத்திரையும் இதைத் தொடவில்லை.

கட்டியைப் பிடித்த நொடியில் எண்கள் தாவியதாகவும், தான் கையை அசைக்காமல் நின்றதாகவும், மயக்க மருத்துவர் சரி என்று தலையசைத்த பிறகே மேலே போனதாகவும், கடைசி ரத்தக்குழாயை வெட்டியதும் அழுத்தம் கிணற்றில் விழுந்த வாளியாய் இறங்கியதாகவும், பின்னால் அந்த அறுவை மருத்துவர் சொன்னார். சொல்லும்போதுகூடக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கதவுவரைதான்.

வெள்ளனே கூட்டிப் போனார்கள். தள்ளுகட்டில் கதவு முன்னால் நின்றது. நர்ஸ் என் மணிக்கட்டைப் பார்த்தாள். "கயிறெல்லாம் உள்ள கூடாதும்மா." கத்தரியால் வெட்டி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கதவின் கண்ணாடி வட்டத்தில் பச்சை உடை ஒன்று கடந்து போனது. அவர் குனிந்து என் தலையில் கை வைத்தார். வழக்கமான இரண்டு சொற்களுக்காக வாய் திறந்ததும் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

கட்டில் அசைந்தது. கதவு திறந்து மருந்து வாடை வந்தது. கட்டிலோடு இரண்டடி கூட நடந்து வந்தவர், என் காதருகே குனிந்தார்.

"எனக்கும்தான்."