துறைமேடையில் நின்ற அறுபது பெட்டிகள்

ஐம்பதுகளின் பிற்பகுதி. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் பகுதிக்கு நான் பொறுப்பாளன். வயது இருபத்தைந்து, தலைக்கனம் அதற்கும் மேலே. தேயிலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இந்த மலையிலேயே இல்லை என்று நினைப்பு.

அந்த முறை லண்டன் ஏலத்துக்கு அறுபது பெட்டிகள் போகவேண்டும். கொழும்பில் கப்பல் மறுநாள் மாலையில் புறப்படுகிறது. நேரம் பார்த்து மண் சரிந்து ரயில் பாதை அடைபட்டுவிட்டது. "லொறியில கொண்டுபோய்ச் சேத்துடுறேங்க, கவலப்படாதீங்க" என்று தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடைவீதி முதலாளி ஒருவரின் லொறியைப் பிடித்து விடியற்காலையில் கிளம்பினோம். கினிகத்தேனை இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. லொறியில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பெட்டிகளை மூடிக் கட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

துறைமுகத்தைப் பார்த்ததும் அசந்துபோனேன். முன்பெல்லாம் கப்பல் நடுத்தண்ணீரில் நிற்கும், பெட்டிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போதோ புதிதாகக் கட்டிய துறைமேடையை ஒட்டியே கப்பல்கள் நின்றன. ஒன்றிலிருந்து எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் அரிசியும் மாவும் இறங்க, அடுத்ததில் மலைநாட்டுத் தோட்டங்களின் பெயர் எழுதிய பெட்டிகள் ஏறின. இந்த இடம் ஒரு மாதம் முடங்கினால் எங்கள் அடுப்பும் அணைந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடுதாசி வேலையை முடித்துத் திரும்பினால், துறைமுகத் தொழிலாளர்கள் என் பெட்டிகளை மட்டும் கொட்டகைக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாரக் கேட்டு வெளிய வச்சீங்க? மூட்ட தூக்குறவங்களுக்குத் தேயிலையப் பத்தி என்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

அவர்களின் தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கோபப்படவே இல்லை. "தம்பி, மொதல்ல ஒங்க படங்க மோந்து பாருங்க" என்றார்.

முகர்ந்தேன். மாசிக் கருவாடு! கொழும்பிலிருந்து கடைக்குக் கருவாடு ஏற்றிவரும் லொறி அது; மழை அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி, வேலை செய்யும் இடத்துக்குள் ஒரு வெங்காயத்தைக்கூட விடாதவன் நான். வாடை ஏறியிருந்தால் அறுபது பெட்டியும் திரும்பிவிடும், என் வேலையும் போய்விடும்.

"உள்ள வச்சா மத்த தோட்டத்துப் பெட்டியும் கெட்டுரும். அதான் காத்துல வச்சோம்" என்றவர், ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் துடைக்கச் சொன்னார். கப்பல் கம்பெனிக்காரரை அவரே கூட்டிவந்து இரண்டு பெட்டிகளைத் திறக்கவைத்தார். உள்ளே ஈயத்தாள் கிழியாமல் இருந்தது. பக்கத்துக் கடையில் வெந்நீர் வாங்கித் தேயிலையைப் போட்டார்கள். கம்பெனிக்காரர் கண்ணை மூடி உறிஞ்சிக் குடித்தார்.

"நல்லா இருக்கு. ஏத்துங்க" என்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்று தலைவரின் கையைப் பிடித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. கப்பல் போயிரும், அந்தப் பக்கம் புடிங்க" என்றார். கடைசிப் பெட்டிவரை அவரோடு சேர்ந்து தூக்கினேன்.

அதன் பிறகு பல வருடம் பெட்டிகள் அனுப்பினேன். எந்த லொறியின் படங்கையும் முகர்ந்து பார்க்காமல் கட்டவிட்டதில்லை. எங்கள் தேயிலையின் பெருமையை யார் பேசினாலும், அதில் பாதி அந்தத் துறைமேடையில் மூட்டை தூக்கியவர்களுடையது என்று இன்றைக்கும் கூசாமல் சொல்வேன்.